பழுப்பு ஏறும் வரிசை

அன்புள்ள முரளி,

உன் கடிதமும் பயாப்சி ரிப்போர்ட்டும் கிடைத்தன. மூட்டுவலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, நாக்கோரத்து வெள்ளைத்திட்டைக் கடைசி வரியில் செருகியிருக்கிறாய். நீ மாறவே இல்லை!

‘மிதமான டிஸ்பிளேசியா’ என்றால் புற்று இல்லை. செல்களின் ஒழுங்கு கலைந்திருக்கிறது. அந்த ‘மிதமான’ கண்ணால் பார்த்துப் போடும் கணக்கு. ஒரே ஸ்லைடை நான் ‘லேசானது’ என்பேன், பக்கத்து மேஜைக்காரர் ‘மிதமானது’ என்பார். அதனால்தான் புரதங்களைத் தேடிப் போகிறோம்.

போன வாரம் இப்படி ஒரு திட்டுக்கு, போடோபிளானின் என்ற புரதம் இருக்கிற இடத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தேன். வழக்கமாக நிணநீர்க் குழாய்ச் சுவரில் இருக்கிற புரதம் அது. அன்று சவ்வின் அடிவரிசைச் செல்களில் பழுப்பாகக் கோடு இழுத்திருந்தது. இரண்டு இடத்தில் மேல் வரிசைகளுக்கும் ஏறியிருந்தது. அப்படி ஏறுவதுதான் எனக்குப் பிடிக்காது. 2008-இல் டெக்சஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தினர் 150 பேரின் வெள்ளைத்திட்டுகளை ஆராய்ந்தபோது, இந்தச் சாயம் பிடித்தவர்களுக்கே புற்று வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பி53 என்ற புரதம் இன்னும் வேடிக்கை. அதன் ஜீன் கெட்டால் பெரும்பாலும் அந்தப் புரதம் சிதையாமல் குவியும், ஸ்லைடு அடர்பழுப்பாகிவிடும். ஆனால் சில கோளாறுகளில் புரதமே உருவாகாது. அப்போது ஸ்லைடு பழுப்பே இல்லாமல் வெறும் நீலமாக நிற்கும். அதைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று ஆரம்பத்தில் நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். நல்லவேளை, மூத்தவர் ஒருவர் பிடித்துவிட்டார்.

‘இதைச் செய்தால் புற்று வருமா வராதா என்று தெரிந்துவிடுமா?’ என்று கேட்டிருந்தாய். தெரியாது. சாயம் பிடித்தும் ஒன்றும் வராதவர்கள் உண்டு, பிடிக்காமலே வந்தவர்களும் உண்டு. யாரைச் சீக்கிரம் திரும்ப வரச் சொல்வது, யாருக்கு ஆறு மாதம் போதும் என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான். உனக்கு நாக்கோரம் வேறு, கொஞ்சம் பொல்லாத இடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டு.

வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றும் நினைக்காதே. பக்கத்தில் நன்றாகத் தெரிகிற சவ்விலும் மாற்றம் ஒளிந்திருக்கலாம். அப்புறம், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று எழுதி, பக்கத்திலேயே ‘பெரும்பாலும்’ என்று போட்டிருக்கிறாயே, அது என்ன கணக்கு?

வெறும் ரிப்போர்ட்டை வைத்து என்னால் இதற்கு மேல் சொல்ல முடியாது. சோதனை செய்த லேபில் உன் சதைத்துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்கி அனுப்பு. சீவிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன்
கோபால்