செந்திலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, பெரிதாக ஒன்றுமில்லை.

நீயே கையால் நிரப்பிய தோட்டாக்களால் சுட்டு அனுப்பிய டார்கெட் படம் பார்த்தேன். 600 கஜத்தில் 20 ரவுண்டும் நடுக் கருப்பு வட்டத்துக்குள்! எங்கள் பட்டாலியன் டீமில் யாராவது இப்படிச் சுட்டிருந்தால் சுபேதார் சாகிப் அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். தெருவில் இருக்கிற பழைய மிலிட்டரிக்காரர்கள் ஒருவரை விடாமல் காட்டிவிட்டேன். பொங்கலுக்கு ஒரு போன் இல்லை, படம் மட்டும் வருகிறது. சரி, போகட்டும்.

குரூப், அதாவது குண்டு பட்ட துளைகளின் கூட்டம், அகலத்தில் ஒடுங்கி, மேலும் கீழுமாக நீண்டிருக்கிறது. காற்றென்றால் பக்கவாட்டில் இழுத்திருக்கும். எனக்கென்னவோ ரவுண்டுக்கு ரவுண்டு வேகம் மாறுகிறது என்று படுகிறது. 100 கஜத்தில் இது தெரியாது. உன் .308 ரைஃபிளில் நொடிக்கு 50 அடி வேகம் குறைந்தால் 1000 கஜத்தில் குண்டு ஒன்றரை அடிக்கும் மேல் இறங்கிவிடும். கேம்ப் பெரி சுடுதளத்தில் அந்தத் தூரம் சுடப் போகிறேன் என்கிறாயே, அதனால் சொல்கிறேன். வெடிமருந்தை ஒவ்வொரு தோட்டாக் கூட்டுக்கும் தனித்தனியாக நிறுத்துப் போடு. பலமுறை சுட்ட கூட்டின் கழுத்து இறுகிப்போய், குண்டை ஒன்றுபோலப் பிடிக்காதாம், யூடியூபில் பார்த்தேன். பழையதையும் புதியதையும் கலக்காதே. நாங்கள் பெட்டியில் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், பார்த்து, மேட்சுக்கு ஒரே லாட்டாக ஒதுக்கி வைப்போம். லாட் மாறினால் ஜீரோவும், அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு படும்படி சைட்டில் வைத்த அளவும், மாறும். கையால் நிரப்புகிற உனக்கு லாட்டும் நீதான், ஃபேக்டரியும் நீதான். உன் கை எப்படியோ ரவுண்டும் அப்படி.

படத்தின் ஓரத்தில் தோட்டா நிரப்புகிற பிரஸ் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறாய். போன வருஷம் கராஜில்தானே இருந்தது? கூட்டின் அடியில் இருக்கிற, மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரைச் சுட்டபின் தட்டி எடுக்கும்போது வருகிற தூசியில் ஈயம் இருக்கும். அங்கே உட்கார்ந்து சாப்பிடாதே. சோப்பு போட்டுக் கை கழுவு. வித்யா இதற்கு எப்படி விட்டாள் என்று அம்மா கேட்டாள். கராஜில் குளிராக இருக்கும் என்று ஏதோ சொல்லி வைத்தேன்.

இன்னொன்று. பிஸ்டல் மருந்து டப்பாவும் ரைஃபிள் மருந்து டப்பாவும் அடுத்தடுத்து இருந்தன. மாற்றிப் போட்டால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும், உனக்குத் தெரியாததில்லை. மேசையில் எப்போதும் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். படம் அனுப்பியபோது உங்கள் ஊரில் ராத்திரி இரண்டு மணி. அந்த நேரத்தில் யாராவது மருந்து அளப்பார்களா? தூக்கம் வராவிட்டால் எங்களுக்குப் போன் போடு, இங்கே அப்போது பகல்தான். மனது சரியில்லாத அன்று தராசைத் தொடாதே. கையையும் மறக்காமல் கழுவு.

மாமா பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் உங்கள் இருவர் பெயரையும் போடுவதாக மாமா சொல்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ சொல்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: வித்யா நம்பருக்கு அடித்தால் போகவில்லை. மாற்றியிருந்தால் புது நம்பரை அனுப்பு. அம்மாதான் கேட்கிறாள்.