வட்டக்கச்சிக்குப் படிப்பிக்கப் போகும் தங்கச்சிக்கு: அடைப்புக்குள் இருக்கும் 3 ஏன் வலப்பக்கம் போகிறது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

நியமனம் கிடைத்த செய்தி கேட்டுச் சந்தோஷம். வட்டக்கச்சிப் பக்கம் என்றதும் நீர் கொஞ்சம் தயங்கியதாக அம்மா சொன்னா. தயங்க வேண்டாம். சார்பும் வரைபும் படிப்பிக்க அதைவிட வாய்ப்பான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. புதிதாக வரும் மற்ற ஆசிரியர்களும் வாசிக்கட்டும் என்று இதை இங்கேயே போடுகிறேன்.

பதினோராம் வகுப்பில் இருபடிச் சார்பின் வரைபு வரும். பிள்ளைகள் அட்டவணையை நிரப்பி, புள்ளி குறித்து, ஒப்பமான வளையி கீறிவிடுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வை = (எக்ஸ் − 3)² + 2 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அட்டவணை போடாமல் திரும்பற் புள்ளியை, அதாவது வளையி இறங்கி வந்து மேலே திரும்பும் இடத்தை, கேட்டுப் பாரும். சிலர் (−3, 2) என்பார்கள். சிலர் (3, 2) என்று சரியாகச் சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டால், "அடைப்புக்குள்ள குறி மாறும் சேர்" என்று ரியூசனில் பாடமாக்கியதை ஒப்புவிப்பார்கள். எனக்குக் கவலை இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான். பிழையாகச் சொன்ன பிள்ளையாவது யோசித்திருக்கிறது: 3 ஐக் கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும்? நியாயமான கேள்வி. "குறி மாறும்" என்பது அதற்குப் பதில் இல்லை.

இப்போது பக்கத்தில் இருக்கும் இரணைமடுக் குளத்தை எடும். அங்கே வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் குளம் எத்தனை அடி நிற்கிறது என்பது நீர் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமில்லை. போன வருடம் மழை தொடங்கியதிலிருந்து கிழமைக்குக் கிழமை நீர்மட்டம் ஏறிய விதத்தை ஒரு வரைபாகக் கீறும். கி என்பது கிழமை, ம(கி) என்பது அந்தக் கிழமை நின்ற மட்டம். இந்த வருடம் வடகீழ்ப் பருவமழை மூன்று கிழமை பிந்திவிட்டது, மற்றபடி எல்லாம் அதேபோல் என்று வைத்துக்கொள்வோம். இந்த வருடம் ஐந்தாம் கிழமை குளம் எவ்வளவு நிற்கும்? போன வருடம் இரண்டாம் கிழமை நின்ற அளவு. எட்டாம் கிழமை? போன வருடத்து ஐந்தாம் கிழமை அளவு. அதாவது இந்த வருடத்து மட்டம் ம(கி − 3). கழிக்கிறோம், ஏனென்றால் பழைய கொப்பியில் மூன்று கிழமை பின்னுக்குப் போய்ப் பார்க்கிறோம். வரைபு வலப்பக்கம் நகர்கிறது, ஏனென்றால் எல்லாம் மூன்று கிழமை பிந்தி நடக்கிறது. இரண்டும் ஒரே விஷயம்தான். இதைப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைத்தீர் என்றால், குறி மாறும் கதை தேவைப்படாது.

ம(2கி − 6) இலும் இதே வழிதான். பார்த்தவுடன் ஆறு கிழமை நகர்த்துவார்கள். விடாதேயும். உள்ளே இருப்பது பூச்சியமாவது எப்போது என்று கேளும்: மூன்றாம் கிழமை. மூன்று கிழமை பிந்தித் தொடங்கிய மழை இரண்டு மடங்கு வேகத்தில் குளத்தை நிரப்புகிறது. போன வருடம் பத்தாம் கிழமை நிரம்பிய குளம் இந்த வருடம் எட்டாம் கிழமையே நிரம்பிவிடும். வரைபு நெருக்கப்பட்டது பாதியாக, நகர்ந்தது மூன்று.

அடைப்புக்கு வெளியே நடப்பது இலேசு, அதனால் அதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஒழுங்கு மட்டும் முக்கியம். மட்டத்தோடு 2 அடி கூட்டிவிட்டு அங்குலமாக்கினால் 12ம(கி) + 24. அங்குலமாக்கிவிட்டு 2 ஐக் கூட்டினால் 12ம(கி) + 2. முதலாவதில் குளம் இரண்டு அடி உயர்ந்தது, இரண்டாவதில் இரண்டு அங்குலம். கமக்காரனுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

அப்புறம் சார்புக்குள் சார்பு. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பது தண்ணீரின் கொள்ளளவைப் பார்த்துத்தான். கிழமை தெரிந்தால் மட்டம் தெரியும், மட்டம் தெரிந்தால் கொள்ளளவு தெரியும்: கொ(ம(கி)). கொள்ளளவை ஏக்கர் அடியில் சொல்வார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், 43,560 கன அடி. குளம் மேலே போகப் போக அகலும். அதனால் அடியில் ஒரு அடி ஏறுவதும் மேலே ஒரு அடி ஏறுவதும் ஒரே அளவு தண்ணீர் அல்ல. மழை மூன்று கிழமை பிந்தினால் கொள்ளளவு வரைபும் அப்படியே மூன்று கிழமை நகரும், உருவம் மாறாது. ஆனால் மட்டம் எல்லாக் கிழமையும் இரண்டு அடி கூடினால் கொள்ளளவு வரைபு நேரே மேலே நகராது, உருவமே மாறிவிடும். உள்ளே செய்த மாற்றம் சங்கிலி முழுவதும் கெடாமல் போகிறது, நடுவில் செய்தது வளைந்துபோகிறது. என் கணக்கில் இந்தப் பாடத்தின் மிகச் சுவையான இடம் இதுதான். பாடத்திட்டம் அவசரப்படுத்தினாலும் இங்கே ஒரு பாடவேளை நில்லும்.

ஆட்சியும் (சார்பு வாங்கும் பெறுமானங்கள்) வீச்சும் (அது திருப்பித் தரும் பெறுமானங்கள்) அலுப்பான சொற்களாக இருக்கின்றன என்று பிள்ளைகள் சொல்வார்கள். கொ என்ற சார்பு 36 அடிக்கு மேல் ஒன்றையும் வாங்காது, அதற்கு மேல் வான் பாய்ந்துவிடும் என்று சொல்லிப் பாரும்.

உயர்தர வகுப்பும் தந்தார்கள் என்றால், சைன் எக்ஸையும் கோசைன் எக்ஸையும் ஒரே தாளில் கீறி, உயரங்களைப் புள்ளி புள்ளியாகக் கூட்டச் சொல்லும். ஒன்று 90° இலும் மற்றது 0° இலும் உச்சத்துக்கு வருவதால் கூட்டுத்தொகை 2 ஐத் தொடாது. நடுவில், 45° இல், √2 உடன் நின்றுவிடும். வந்த வளையியைப் பார்த்தால் பழைய சைன் வளையிதான்: √2 மடங்கு உயர்ந்து, 45° இடப்பக்கம் நகர்ந்திருக்கும். சூத்திரத்தை அதற்குப் பிறகு நிறுவும், முன்னுக்கு வேண்டாம்.

முதல் நாளே வரைபுத்தாள் கொடுக்காதேயும். பெட்டி எண்ணுவதிலேயே பாடவேளை போய்விடும். வெறும் கொப்பியில், அளவில்லாமல், கையால் நகர்த்திக் கீறட்டும். முதல் தவணை முடிய எப்படிப் போகிறது என்று எழுதும்.

அன்புடன்,
அண்ணன்