‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விற்பனைக்கு வந்துள்ள பழைய அமெரிக்க ‘மசில் கார்’ (பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்) ஒன்றைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். மிச்சிகன் மாநிலத்தில் கார்த் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்ப்பவன் என்பதால், அதில் ஒரு திருத்தத்தையும் அதைவிட முக்கியமான ஒரு கவலையையும் தெரிவிக்க விரும்புகிறேன். அந்தப் போன்டியாக் ஜிடிஓவை 1964ஆம் ஆண்டு மாடல் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் உள்ள காரின் முகப்பு விளக்குகளோ ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. 1964 மாடலில் அவை பக்கம் பக்கமாக இருந்தன. 1965இல்தான் மேலும் கீழுமாக மாறின. இது சிறு பிழைதான். ஆனால், "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று விற்பவர் சொன்னதை அப்படியே அச்சிட்டுவிட்டு, எது, எந்த அளவுக்கு, எதிலிருந்து புதுப்பிக்கப்பட்டது என்று கேட்காமல் விட்டதைச் சிறு பிழை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

இந்தக் காரின் பிறப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் அன்று தன் பிரிவுகளுக்கு வரம்பு விதித்திருந்தது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும், அவருடன் பணியாற்றிய பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோரும், பெரிய போன்டியாக் கார்களுக்குரிய 389 கன அங்குல எஞ்சினை டெம்பஸ்ட் காருக்குள் இறக்கினார்கள். அந்தக் காருக்கு ஏற்கெனவே உரிய 326 கன அங்குல எஞ்சினும் இதுவும் வெளி அளவில் ஒன்றே என்பதால் அது சிரமமின்றி உள்ளே அமர்ந்தது. தனி மாடலாக அறிவித்தால் வரம்பு குறுக்கே நிற்கும் என்பதால், டெம்பஸ்டின் உயர்தர வகையான லெமான்ஸை வாங்குபவர் ஏறக்குறைய 295 டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பெறக்கூடிய ‘ஜிடிஓ’ என்ற ஒரு தொகுப்பாகவே 1964 மாடலில் அதை விற்றார்கள். முதல் ஆண்டில் 32,450 கார்களும் அடுத்த ஆண்டில் 75,000க்கு மேற்பட்ட கார்களும் விற்றன. 1966இல்தான் ஜிடிஓ தனி மாடலாயிற்று.

அன்றைய அந்தச் சாமர்த்தியத்தின் சுமை இன்று வாங்குபவர் தலையில் விழுகிறது. 1966 முதல் 1971 வரையிலான ஜிடிஓக்களின் அடையாள எண் 242 என்று தொடங்கும். அதைக் கண்டால் ஓரளவு நிம்மதி அடையலாம். 1965 காரில் அந்த எண் 237 என்று தொடங்கும், சாதாரண லெமான்ஸிலும் அதே 237தான். எஞ்சின் அறைச் சுவரில் பதித்த உடல் தகட்டைப் பார்த்தாலும் இரண்டுக்கும் ஒரே மாடல் எண். ஆகவே, 326 எஞ்சினோடு வந்த ஒரு லெமான்ஸைப் பட்டறையில் நிறுத்தி, 389 எஞ்சின், ஜிடிஓ பானட், கிரில், பெயர்ச் சின்னங்கள் எல்லாவற்றையும் மாட்டி, நல்ல பெயிண்டும் அடித்துவிட்டால், அனுபவமுள்ளவரும் வெறும் பார்வையில் ஏமாறுவார். உண்மையைச் சொல்லக்கூடியது தொழிற்சாலைப் பதிவு ஒன்றுதான். போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்புக்கு அடையாள எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், அந்தக் கார் தொழிற்சாலையை விட்டுப் போனபோது எழுதப்பட்ட சீட்டின் நகல் கிடைக்கும். ஜிடிஓ தொகுப்பு அதில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பனி உருகி முடிந்த ஓர் ஏப்ரல் மாதத்தில், என் அலுவலக நண்பருடன் இப்படி ஒரு 1965 காரைப் பார்க்கப் போனேன். வெளித்தோற்றம் கண்ணைப் பறித்தது. மெல்லிய துணியில் பொதிந்த காந்தத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கதவில் வைத்தேன், கவ்விக்கொண்டது. பின்சக்கர வளைவுக்குப் பின்னால் கீழ்ப்புறத்தில் வைத்தபோது பிடிக்காமல் நழுவி என் உள்ளங்கையில் விழுந்தது. இங்கே குளிர்காலம் முழுவதும் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். அது முதலில் தின்னும் இடம் அதுதான். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்காமல், பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். டிக்கி விரிப்பைத் தூக்கியபோது, புதிய கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் ஒட்டுத் தகட்டின் வெல்டிங் கோடு வரப்புபோல ஓடியது. பிறகு டார்ச் அடித்து, எஞ்சினின் பின்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் அருகில் வார்ப்பிலேயே புடைத்திருக்கும் தேதியைத் தேடினேன். கசடைத் துடைத்ததும் ‘பி’, 10, 6 என்று தெரிந்தது. மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம் என்பது போன்டியாக்கின் முறை. அதாவது 1966 பிப்ரவரி 10. 1965 மாடல் காருக்குள் அடுத்த ஆண்டில் வார்த்த எஞ்சின் இருந்தது.

விற்பவர் எங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் அதை அப்படியே நம்பி வாங்கியவர்தான். எங்கள் வேண்டுகோளின்படி தொழிற்சாலைச் சீட்டையும் வரவழைத்துக் கொடுத்தார். அது 326 எஞ்சினோடு பிறந்த லெமான்ஸ் என்று சீட்டு சொன்னது. விலையைக் கணிசமாகக் குறைத்துப் பேசி, நண்பர் அதையே வாங்கினார். தகட்டு வேலையை முறையாகச் செய்து முடித்து, ஆகஸ்டு மாதத்தில் டெட்ராய்ட் பகுதியின் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் கார் பவனிக்கு இப்போது குடும்பத்தோடு அதில் போய்வருகிறார். யார் கேட்டாலும் அது லெமான்ஸ் என்றே சொல்கிறார். மாற்றிக் கட்டிய காரில் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. அதை அசல் என்று விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மாற்றங்களில் வரவேற்கத்தக்கவையும் உண்டு. 1965 ஜிடிஓவுக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967இல்தான் கிடைத்தது. 335 குதிரைத்திறன் கொண்ட காருக்கு அந்த டிரம் பிரேக் போதாது என்பது என் கருத்து. எனவே டிஸ்க் பிரேக் மாற்றியிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். அதேபோல, இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவானவை. 1996 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு அந்தப் பெட்ரோல் கிடையாது என்பதால், எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது, ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் தேயக்கூடிய வால்வு இருக்கைகளை (வால்வுகள் மூடும்போது அமரும் இடங்களை) கடினமான உலோகத்தில் மாற்றுவது நல்லது. இவற்றைச் செய்தவர் சொல்லிக்கொண்டு விற்கலாம், அதனால் காரின் மதிப்பு குறையாது.

இங்குள்ள தமிழர்களும் பல்லாண்டுச் சேமிப்பை எடுத்து இத்தகைய கார்களை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் தங்கள் கட்டுரையை நம்பிப் பணம் கட்டுபவரும் இருப்பார். ஆகவே, ஆண்டைத் திருத்தி வெளியிடுவதோடு, விற்பவரிடம் அந்தக் காரின் அடையாள எண்ணையும், பெயிண்ட் அடிப்பதற்கு முன் எடுத்த தகட்டு வேலைப் படங்களையும் கேட்டு வாங்குமாறு வேண்டுகிறேன். எண் 237 என்று தொடங்கினால், தொழிற்சாலைச் சீட்டு வந்த பிறகு அதில் என்ன இருக்கிறது என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மிச்சிகன், அமெரிக்கா