பேப்பர்லயே வந்திருக்கு அக்கா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு விழா என்று இந்த ஊரில் தொங்குகிற பேனர்களில் கணிசமானவை என் கம்ப்யூட்டரில் பிறந்தவை. உங்கள் நாளிதழை என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்குகிறோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதல் பக்கத்தை மூடிக்கொண்டு ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. டைல்ஸ் விளம்பரம். ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். முதுகில் துணி இல்லை. கொட்டை எழுத்தில் 'தொட்டுப் பார்க்கத் தோணுதா?' என்று ஒரு வரி. தொழில் புத்தி சும்மா இருக்காதே, ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். பக்கத்தில் முக்கால்வாசி அந்தப் பெண். டைல்ஸ் என்று பார்த்தால் அவள் முழங்கைக்குக் கீழே ஒரு துண்டு, காலுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு. என்ன அளவு, பெட்டிக்கு எத்தனை, சதுர அடி என்ன விலை, ஒன்றும் கிடையாது. போன வருடம் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் எடுக்கப் போனபோது கடைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி 'வழுக்குமா?' என்பதுதான். மாமியாருக்கு எழுபத்து நாலு வயது. டைல்ஸை யார் எதற்காக வாங்குகிறார்கள் என்பதே அந்த விளம்பரத்தைச் செய்தவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

சரி, பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். திருப்பிவிட்டுத்தான் போனேன். செவ்வாய்க்கிழமை காலை அது என் கடைக்கே வந்துவிட்டது.

எங்கள் ஊர் டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மேஜையில் விரித்து, "இதே மாதிரி இருபதுக்குப் பத்து ஒண்ணு அடிச்சுக் குடுங்கக்கா. படத்த மட்டும் நெட்ல வேற ஏதாச்சும் எடுத்துக்குங்க" என்றார். நல்ல மனிதர், பாக்கி வைக்காதவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். 'இது வேண்டாம் அண்ணே' என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. "பேப்பர்லயே வந்திருக்கு அக்கா" என்றார்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தக் கடிதம்.

வேறு கடையில் அடித்து வாங்கிக்கொண்டார். நாலாம் நாள் போர்டு ஏறிவிட்டது. ஏறிய இடம், பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற நிறுத்தத்துக்கு நேர் எதிரே. என் கடையில் டிசைன் பழகுகிற பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அவளும் அங்கேதான் பஸ் ஏறுவாள். ஒரு வாரம் கழித்து, இனிமேல் அடுத்த நிறுத்தம் வரை நடந்து போய் ஏறிக்கொள்வதாகச் சொன்னாள். ஏன் என்றால் சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வந்தது. அங்கே பைக்கில் வந்து நிற்கிற பையன்கள் போர்டைப் பார்த்துவிட்டு, நிற்கிற பெண்களைப் பார்த்து, அந்த வரியைச் சத்தமாகப் படிக்கிறார்களாம். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. போர்டில் இருப்பதைத்தானே படிக்கிறோம் என்பார்கள்.

ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். போர்டுக்கு அனுமதி இருக்கிறதா, அளவு சரியா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலையாம். படத்தில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் வேலை இல்லையாம். போனைத் தூரத்தில் பிடித்து நான் எடுத்துப் போன போட்டோவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்: "பேப்பர்ல வர்ற படம் மாதிரிதானே இருக்கு, மேடம்?"

அப்புறம் சட்டத்தைத் தேடிப் படித்தேன். பெண்களை அநாகரிகமாகச் சித்திரிப்பதைத் தடை செய்யும் சட்டம் என்று 1986இலேயே ஒன்று போட்டிருக்கிறார்கள். ஆபாசம் மட்டுமல்ல, பெண்ணின் உருவத்தை, உடலை இழிவுபடுத்துகிற விதத்தில் காட்டுவதும் அதில் அடங்கும். அதன் மூன்றாவது பிரிவைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. அப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவது, வெளியிடச் செய்வது, அதற்கு ஏற்பாடு செய்வது, அந்த வேலையில் பங்கெடுப்பது எல்லாமே தடை. அதாவது டிசைன் போடுகிற நானும் வருவேன், அச்சடிக்கிற நீங்களும் வருவீர்கள். தண்டனை? முதல் தடவை என்றால் இரண்டு வருடம் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். இருபதுக்குப் பத்து என்றால் 200 சதுர அடி. சாதா ஃப்ளெக்ஸ் சதுர அடி 10 ரூபாய் என்று போட்டால் அடிக்கிற கூலியே 2,000 ரூபாய். அபராதமும் அதே கணக்கு! சாரம் கட்டுகிறவருக்குக் கொடுப்பது தனி. இந்தத் தண்டனையைக் கூட்டுவதற்காக 2012இல் மாநிலங்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவே ஆகவில்லை.

விளம்பரத் தொழிலில் இருப்பவர்களே 1985இல் தங்களுக்கென்று ஒரு தரக் கவுன்சில் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்கி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2022 ஜூனில் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொருளுக்குச் சம்பந்தமே இல்லாமல் யாருடைய உடம்பையும் கிளுகிளுப்புக்காகக் காட்டக் கூடாது என்று இருக்கிறது. அதே மாதத் தொடக்கத்தில்தான் ஒரு பாடி ஸ்பிரே விளம்பரத்தைப் பார்த்து நாடே கொதித்தது. கடையில் தனியாக நிற்கிற பெண்ணுக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு இரட்டை அர்த்தத்தில் பேசுவார்களே, அதுதான். மத்திய அரசு சொல்லி யூடியூபிலிருந்தும் ட்விட்டரிலிருந்தும் எடுக்க வைத்தார்கள். டிவியில் வந்தால் நாலு பேர் பார்த்து நாலு பேர் கேட்கிறார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற ஃப்ளெக்ஸை யார் கேட்பது?

ஊரை மட்டும் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. என் கம்ப்யூட்டரில் 'லேடி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரிடமும் இருக்கும், பெயர்தான் வேறாக இருக்கும். டிசைனில் இடம் காலியாகக் கிடந்தால் கஸ்டமர் சொல்வது ஒன்றுதான்: "சும்மா இருக்கே, ஒரு பொண்ணு போட்டு விடுங்க." கம்பிக் கடைக்கும் அதே, போர்வெல்லுக்கும் அதே. அந்த ஃபோல்டரில் நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு கைகட்டிச் சிரிக்கிற ஒரு பெண் உண்டு. எந்த நாட்டுக்காரியோ தெரியாது, இணையத்திலிருந்து எடுத்ததுதான். பல் ஆஸ்பத்திரிக்கு அவளை வைத்தேன், சீட்டு கம்பெனிக்கு வைத்தேன், சப்மெர்சிபிள் மோட்டாருக்கும் வைத்தேன். நானும் கடைப் பெண்ணும் அவளுக்குச் 'சிரிப்பு அக்கா' என்று பெயரே வைத்திருந்தோம். அவளைக் கேட்டா வைத்தோம்? மோட்டார் வாங்க வருகிற விவசாயி எத்தனை ஹெச்பி, எத்தனை அடி தள்ளும் என்று கேட்பாரே தவிர, சிரிப்பு அக்காவைப் பற்றி விசாரிக்க மாட்டார். போன தீபாவளிக்கு அதே மோட்டார் கடைக்கு வெறும் மோட்டார் படமும் ஹெச்பி பட்டியலும் மட்டும் போட்டு அடித்துக் கொடுத்தேன். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வாங்கிப் போனார். பொங்கலுக்கு வந்தபோது, அதையே மறுபடி அடிக்கச் சொன்னார்.

என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளாடைக் கடைக்கும் நான்தான் டிசைன் போடுகிறேன். அதில் உள்ளாடை போட்ட பெண் வராமல் வேறு என்ன வரும்? பெண் படமே வரக் கூடாது என்றோ, தலையோடு கால் மூடிக்கொண்டுதான் வர வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. இந்தப் பெண் இந்த விளம்பரத்தில் என்ன வேலை செய்கிறாள் என்றுதான் கேட்கிறேன். டைல்ஸ் பெண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. படுத்திருப்பதுதான் வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் பெரிய கம்பெனி எதுவும் நேரடியாக இல்லை, வீட்டு விசேஷம்தான். பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, "பாப்பாவ கொஞ்சம் கலரா காட்டுங்கக்கா." கட்சிக்காரர்களும் கேட்பார்கள், முகத்தை வெளுப்பாக்கி மீசையை மட்டும் கறுப்பாக்கச் சொல்வார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் இவை சின்னப் பிள்ளைகள். சித்திரையில் ஒரு அப்பா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோஷாப்பில் முகத்தை மட்டும் செலக்ட் பண்ணி கர்வ்ஸைத் தூக்கினால் முகம் வெளுக்கும். கழுத்து அப்படியே நிற்கும். கழுத்தைச் சரிசெய்தால் கை காட்டிக்கொடுக்கும். நான் கழுத்துக்கு வந்தபோது அந்தப் பிள்ளை தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "கையையும் மாத்துவீங்களா?" என்று கேட்டாள். அப்பா, "ஆமா சாமி, அக்கா எல்லாத்தையும் மாத்திருவாங்க" என்றார். பாசத்தோடுதான் சொன்னார். நானும் மாற்றிக் கொடுத்தேன். 600 ரூபாய் வேலை. அதிலிருந்து எனக்கு அந்த மவுஸைப் பிடிக்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

அந்த அப்பாவுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்கிற கதையையே நாங்கள் எல்லாரும் ஒளியும் ஒலியுமாகப் பார்த்து வளர்ந்தோம். 2014இல் ஆஸ்கி இதற்கும் விதி போட்டது. கறுப்பானவர்களைச் சோகமாகவோ, அழகில்லாதவர்களாகவோ, தோற்றவர்களாகவோ காட்டக் கூடாது. க்ரீம் தடவுவதற்கு முந்தைய படத்தில் முகத்தைத் தொங்கப் போட வைக்கக் கூடாது. 2020இல் க்ரீமின் பெயரே 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறிவிட்டது. என் கடைக்கு வந்து கேட்பது மட்டும் மாறவில்லை. சிகப்பழகு க்ரீம் விளம்பரத்துக்கு நடிகை சாய் பல்லவி முடியாது என்று சொன்னார் என்று 2019இல் உங்கள் பேப்பரில்தான் படித்தேன். அவ்வளவு பெரிய தொகையை அவர் வேண்டாம் என்று விட்டபோது, 600 ரூபாயை விட எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. இப்போது கடையில் 'முகத்தின் நிறம் மாற்றித் தரப்படாது' என்று ஏ4 தாளில் அடித்து ஒட்டியிருக்கிறேன். இதுவரை ஐந்து பேர் படித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் சிரித்துவிட்டு, சரி அப்படியே அடிங்க என்றார்கள்.

மகளிர் தினத்துக்கு நீங்கள் போட்ட சிறப்பிதழ் எட்டுப் பக்கம். நன்றாகவே இருந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். முழுப்பக்க விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை என்பது எனக்கும் தெரியும். பேப்பர் விலையில் மட்டும் பேப்பர் நடக்காது. ஆனால் விளம்பரம் எடுக்கிற உங்கள் ஆட்கள் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்கலாமே: இந்தப் பெண்ணுக்கு இதில் என்ன வேலை? பதில் இல்லையென்றால் வேறு படம் கொண்டுவரச் சொல்லலாம். டைல்ஸ் நன்றாக இருந்தால் டைல்ஸையே காட்டட்டும். அதோடு, ஒரு விளம்பரம் தப்பாக இருந்தால் எங்கே, எப்படிப் புகார் செய்வது என்று வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னக் கட்டத்தில் போட்டால், என்னைப் போல அலுவலகம் அலுவலகமாக யாரும் அலைய வேண்டியிருக்காது. ஆஸ்கியில் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்பதே எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

அந்த போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மேல் மூலையில் ஃப்ளெக்ஸ் கிழிந்து காற்றில் அடித்துக்கொள்கிறது. அந்த வரி மட்டும் இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

இந்தக் கடிதத்தை நீங்கள் பிரசுரித்தால், வெட்டிக் கடைக் கண்ணாடியில் அந்த ஏ4 தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பேன். அடுத்த தடவை யாராவது வந்து கேட்டால், "பேப்பர்லயே வந்திருக்கு அண்ணே" என்று நானும் சொல்லலாம் அல்லவா?

இப்படிக்கு,
ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரி,
திண்டுக்கல்.

(பெயரைப் போட வேண்டாம். என் கஸ்டமர்கள் எல்லாரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்கள்.)