அம்மாவின் மூக்கும் மெர்காப்டனும்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு காலை

அன்புள்ள சரசு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். நலம் என்று எழுத முடிவதற்கே காரணம் அம்மாவின் மூக்கு.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை, அம்மா என்னை உலுக்கி எழுப்பி, "கேஸ் வாடை அடிக்குது, லைட்டைப் போட்டுறாதே" என்றாள். இருட்டில் தடவிப் போய் ரெகுலேட்டரை மூடினேன். அம்மா கதவுகளைத் திறந்தாள். அடுப்புக்குப் போகும் ட்யூப் வெடித்துக் கிடந்தது. சளி பிடித்திருந்த எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

அதற்கப்புறம் வேதியியலில் தயால் பாடத்தை, அதாவது கந்தகமும் ஹைட்ரஜனும் ஜோடியாக ஒட்டியிருக்கும் கரிமச் சேர்மங்களின் பாடத்தை, நான் வேறு மாதிரி நடத்துகிறேன். சமையல் கேஸுக்கென்று வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற தயாலைக் கலக்கிறார்கள். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

டியூஷனுக்கு வருவதில் பாதி, கள் இறக்கும் வீட்டுப் பிள்ளைகள். "கள்ளில் இருக்கிற எத்தனாலில் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வையுங்கள், அதுதான் மெர்காப்டன்" என்றேன். ஆக்ஸிஜனோடு இருக்கும் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் எத்தனால் கொதிக்க 78 டிகிரி வேண்டும். கந்தகத்தோடு இருக்கும் ஹைட்ரஜனுக்கு அவ்வளவு பிடி இல்லை, மெர்காப்டன் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும். "நம்ம ஊர்ச் சித்திரை வெயிலே போதுமே டீச்சர்" என்றான் ஒருவன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

மறுநாள் ஒரு பெண் பூண்டு கொண்டுவந்தாள். உரித்த பல்லை எல்லோரும் முகர்ந்தார்கள், பெரிதாக வாடை இல்லை. கரண்டிக் காம்பால் நசுக்கியதும் அறையே பூண்டு. முழுப் பல்லில் இருக்கும் அல்லீன் ஒரு சல்ஃபாக்சைடு, கந்தகத்தின் மேல் ஓர் ஆக்ஸிஜன் உட்கார்ந்திருக்கும், வாடை இல்லை. நசுங்கும்போது தனி அறையில் இருந்த நொதி வந்து அதை வெட்ட, அல்லிசின் பிறக்கிறது. நம் காலத்தில் இதை யாராவது நசுக்கிக் காட்டியிருந்தால் மனப்பாடம் செய்திருக்க மாட்டோம், சரசு. வாடையில் பெருங்காயமும் இதே கந்தகக் குடும்பம்தான், அதன் வாடை இரண்டு கந்தகம் கைகோத்திருக்கும் டைசல்ஃபைடுகளால் வருவது.

அதே கந்தகம்தான் உன் மருந்துக்கடை அலமாரியிலும் வாடை தெரியாமல் இருக்கிறது. வயிற்றெரிச்சலுக்குத் தரும் ஒமெப்ரசோல் ஒரு சல்ஃபாக்சைடு. தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் ஒரு சல்ஃபோன், அதில் ஆக்ஸிஜன் இரண்டு. உடம்பில் நீர் இறக்கும் ஃபுரோசமைடில் அந்த இரண்டோடு நைட்ரஜனும் சேர்ந்து சல்ஃபோனமைடு.

இந்த மூன்றின் காலி அட்டைகள் கிடைத்தால் எடுத்து வை. வேலந்தாவளம் வழியாக வரும் யாரிடமாவது கொடுத்துவிடு. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அந்த மருந்தின் மூலக்கூறுப் படத்தை வரைய வேண்டும் என்று ஆசை.

புது ட்யூப் மாற்றியாயிற்று. அம்மா உனக்குப் பூண்டு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
தேவி