கசிவா, இறுக்கமா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஹூஸ்டனிலிருந்து நீ அனுப்பின உன் கார் சைலன்சர் சத்தத்தை ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஏதோ கெட்ட சேதி என்று அம்மா பயந்துபோனாள்.

வலது பக்கம் சாதுவாக இருக்கிறது. இடது பக்கம் ஐடிலிலேயே, அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் நிற்கும்போதே, உறுமுகிறது. ஒர்க்ஷாப்பில் இரண்டு சைலன்சரையும் மாற்றச் சொன்னார்களாமே! கொஞ்சம் பொறு. பணம் உன்னுடையதுதான், ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது.

2007 கார்வெட் இசட்06, ஏழு லிட்டர் இன்ஜின், 505 குதிரைசக்தி என்று நீ பெருமையாகச் சொன்னபோது, எனக்கு அதிலெல்லாம் அறிவு கிடையாது என்றுதான் நினைத்தேன். மூடினால் சத்தத்தை அடக்கி, திறந்தால் உறும விடுகிற சைலன்சர் வால்வை வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சுகிற இழுப்பு, இயக்குகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் என் பாதி ஆயுள் வாக்குவம் பிரேக்கோடு போனது. அப்போதெல்லாம் பாதரச அளவில் ரயில் இன்ஜினில் 53 சென்டிமீட்டர் வாக்குவம், கடைசி கார்டு வண்டியில் 47. அது ஏறவில்லை என்றால் ரயில் கிளம்பாது. உன் கார் ஐடிலில் நிற்கும்போது இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினுக்குள் காற்று போகிற குழாய், இழுக்கிற இழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அங்கே அங்குலக் கணக்கு. 21 அங்குலம் என்றால் எங்கள் 53.

ரயிலில் வாக்குவம் இருந்தால் பிரேக் விடும், போனால் பிடிக்கும். உன் காரில் வாக்குவம் இருந்தால் வால்வு மூடும், போனால் ஸ்பிரிங் திறந்துவிடும். வாக்குவம் போகிற நாளில் எது ஆபத்தில்லாததோ அந்தப் பக்கம் போய் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ரயிலுக்கு அது நிற்பது. இன்ஜினுக்கு அது தடையில்லாமல் மூச்சு விடுவது. அதனால் சத்தம் கேட்கிறது என்பதற்காக இன்ஜின் கெட்டுவிடும் என்று பதறாதே. காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு நொடி இரண்டு பக்கமும் அதிர்வது இயல்பு, வாக்குவம் ஏறுகிற வரைக்கும்தான்.

நீ அனுப்பின படத்தில் வழியைப் பார்த்தேன். மேனிஃபோல்டிலிருந்து ஒருவழி வால்வு, வாக்குவத்தைச் சேமிக்கிற சின்ன டேங்க், பிறகு மின்சாரத்தில் இயங்குகிற சாலிநாய்டு வால்வு. அங்கிருந்து டி மாதிரி பிரிந்து இரண்டு சைலன்சருக்கும் ஹோஸ் போகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் இழுப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும். அந்த நேரத்துக்குத்தான் டேங்க். வால்வைத் திறக்கச் சொல்ல வேண்டியது சாலிநாய்டு, இழுப்பு குறைவது அல்ல.

இப்போது யோசி. டேங்கோ சாலிநாய்டோ பியூஸோ கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் உறும வேண்டும். சரி, வால்வை இழுக்கிற ரப்பர் சவ்வு, இடது பக்கத்து டயாஃப்ரம், கிழிந்திருந்தால்? அந்தக் கிழிசல் வழியாகக் காற்று உள்ளே புகுந்து வலது பக்கத்து இழுப்பையும் தளர்த்தியிருக்கும். கசிவு என்பது பொதுச்சொத்து, எல்லாருக்கும் பங்கு உண்டு. உன் வலது பக்கம் கல் மாதிரி மூடி நிற்கிறது. அதனால் எனக்குக் கசிவின்மேல் சந்தேகம் குறைவு. இடது ஹோஸ் அடைத்திருக்க வேண்டும், அல்லது வால்வுத் தகடு திரும்புகிற அச்சு, ஸ்பின்டில், துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு அரை நாளைத் தொலைத்தேன். ஒரு ரேக்கில், அதாவது கோத்த பெட்டி வரிசையில், வாக்குவம் 40-க்கு மேல் ஏறவில்லை. நான் அவசரக்காரன், கையில் கிடைத்த பிரேக் சிலிண்டரைப் பிரித்து ரோலிங் ரிங் என்கிற ரப்பர் வளையத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். பெரிய மிஸ்திரி ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்து, ஒவ்வொரு ஹோஸ் இணைப்பருகிலும் புகையைக் காட்டிக்கொண்டே போனார். கடைசிப் பெட்டியில் புகை சட்டென்று வளைந்து உள்ளே போனது. அங்கே ஹோஸ் முனை, அதை அடைக்கிற டம்மியில் சரியாக உட்காரவில்லை. வாக்குவம் கசிந்தால் எண்ணெய் சொட்டாது, ஈரம் தெரியாது. உள்ளே போகிற கசிவு தடயம் விடாது.

நீ பீடி தேட வேண்டாம். இன்ஜின் ஆறினபிறகு, நல்ல ஸ்டாண்ட் போட்டுக் காரை நிறுத்து. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே. இடது வால்வின் ஹோஸைக் கழற்றி, அதன் நுனியில் ஒரு மீட்டர் ரப்பர் டியூபை ஒட்டுப்போட்டு வெளியே இழுத்து வை. முந்தின ஓனர் சத்தத்துக்கு ஆசைப்பட்டு ஹோஸுக்குள் ஸ்க்ரூ ஏதாவது அடைத்து வைத்திருக்கிறாரா என்றும் பார். ஆட்கள் இப்படிச் செய்வதுண்டு. பிறகு வெளியே வந்து, திறந்த வெளியில் ஸ்டார்ட் பண்ணி, டியூப் நுனியில் விரலை வை. இழுத்துப் பிடிக்க வேண்டும். விரலை எடுத்தால் வலது பக்கமும் உறுமலாம். அதுதான் நான் சொன்ன பொதுச்சொத்து.

விரலை இழுக்கிறது என்றால் ஹோஸ் யோக்கியம். இன்ஜினை அணைத்து, எல்லாம் ஆறினபிறகு, கை வாக்குவம் பம்ப் ஒன்றை நேராக இடது டயாஃப்ரத்தில் மாட்டு. உங்கள் ஊர் பார்ட்ஸ் கடைகளில் டெபாசிட் கட்டினால் இரவல் கிடைக்கும். 15 அங்குலம் ஏற்றிவிட்டு ஒரு நிமிஷம் ஊசியைப் பார். ஊசி விழுந்தால் என் ஜோசியம் பொய், டயாஃப்ரம் போய்விட்டது. ஊசி நின்று, டயாஃப்ரத்தையும் வால்வையும் இணைக்கிற ராடு அசையவே இல்லை என்றால் ஸ்பின்டில் இறுகியிருக்கிறது. துரு இளக்குகிற எண்ணெயை விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, கையால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டு. சுத்தியல் வேண்டாம். சைலன்சர் சூடாக இருக்கும்போது எண்ணெய் பக்கமே போகாதே. ராடு அசைந்தும் சத்தம் மாறவில்லை என்றால், டார்ச் அடித்துக் குழாய்க்குள் தகடு திரும்புகிறதா என்று பார்.

பியூஸைப் பிடுங்கிவிட்டால் இரண்டும் திறந்தே கிடக்கும், சத்தம் ஜோராக இருக்கும் என்று உன் சிநேகிதர்கள் சொல்வதை நானும் கேட்டேன். அது ரிப்பேர் இல்லை, சரணாகதி. காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவள் நீ, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

ஊசி விழுந்ததா நின்றதா என்று மட்டும் எழுது, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். அடுத்த வருஷம் அங்கே வரும்போது நான் முன்னால் உட்கார்ந்துகொள்வேன், தான் பின் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவேன் என்று அம்மா திட்டம் போட்டிருக்கிறாள். அந்தக் காரில் இரண்டே சீட்தான் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா