மாட்டேன் என்றவரைத் துரோகி ஆக்காதீர்கள்: இயக்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே,

கொள்கையின் பெயரால் ஒரு வீடு எரிந்தாலும் ஓர் உயிர் போனாலும் மறுநாள் வரும் அறிக்கை பெரும்பாலும் ஒன்றுதான். 'தொண்டர்கள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள்' என்பீர்கள். இல்லையென்றால் 'விஷமிகள் ஊடுருவிவிட்டார்கள்' என்பீர்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. கொலைவெறி கொண்டவர்கள் எந்தக் கூட்டத்திலும் சிலர்தான். மற்றவர்கள் வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து, பக்கத்து வீட்டாரோடு நன்றாகப் பழகி வந்தவர்கள். அவர்கள் கை எப்படி ஓங்கியது என்று உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

1942 ஜூலை 13 அன்று, போலந்தின் யூசெஃபுவ் என்ற ஊருக்கு நாஜி ஜெர்மனியின் 101-ஆவது ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் வந்து இறங்கியது. ஏறக்குறைய 500 பேர். பெரும்பாலோர் ஹாம்பர்க் பகுதியைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர்கள். போருக்கு முன் துறைமுகத்திலும் லாரியிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்கள். அந்த ஊர் யூதர்களைச் சுட்டுக் கொல்வதுதான் அன்றைய வேலை. உத்தரவைச் சொல்லும்போதே தளபதி மேஜர் டிராப் கலங்கிப்போனார். மூத்தவர்களில் இது தன்னால் ஆகாது என்று நினைப்பவர் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். உடனே விலகியவர்கள் சுமார் 12 பேர். அன்று பொழுது சாய்வதற்குள் ஏறத்தாழ 1,500 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

மற்றவர்கள் சுட்டதற்கு, மறுத்தால் தலை போய்விடும் என்ற பயம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. விலகியவர்களை டிராப் தண்டிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து நடந்த விசாரணையில் சிலர் சொன்ன காரணம், சக போலீஸ்காரர்கள் தன்னைக் கோழை என்று நினைப்பார்களே என்பது. பாதியில் ஒதுங்கியவர்களில்கூடப் பலர் 'இது தவறு' என்று சொல்லவில்லை, 'எனக்கு அந்த அளவு மனத்திடம் இல்லை' என்றுதான் சொன்னார்கள். கொல்லாமல் இருப்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது! என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான்.

வெறுப்பு மட்டுமே காரணம் என்றால், 1994-இல் ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் டுட்சி இனத்தவர் கொன்று குவிக்கப்பட்டதை எப்படி விளங்கிக்கொள்வது? தாக்கப் போன கூட்டத்தில் சேர்ந்துகொண்ட சிலரே தங்களுக்குத் தெரிந்த டுட்சிகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். தனியாக இருந்தபோது ஒரு மனம், கூட்டத்தோடு இருந்தபோது இன்னொரு மனம்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதிகாரி சொன்னார் என்பதற்காக, முன்பின் தெரியாத ஒருவருக்கு 450 வோல்ட் வரை மின்சாரம் பாய்ச்சுவதாக நம்பி 40 பேரில் 26 பேர் கடைசிவரை சுவிட்சை அழுத்தினார்கள். அதிகம் பேசப்படாத பகுதி இதற்கு அடுத்தது. அதே சோதனையை வேறு 40 பேரிடம் நடத்தி, ஏற்கெனவே சொல்லிவைத்தபடி கூட இருந்த இருவர் 'இனி முடியாது' என்று எழுந்துகொண்டபோது, கடைசிவரை போனவர்கள் 40-க்கு 4 பேர் மட்டுமே. இரண்டு பேர் போதுமாக இருந்தது.

அந்த இரண்டு பேரைத்தான் நீங்கள் முதலில் வெளியேற்றுகிறீர்கள். தயங்கியவரைக் கோழை என்கிறீர்கள், கேள்வி கேட்டவரை எதிரியின் ஆள் என்கிறீர்கள். அதன்பின் ஒரு நாள் யாரோ கல்லை எடுக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை. அந்த வன்முறைக்கு நீங்கள் நேரடியாக உத்தரவிட்டிருக்கத் தேவையில்லை. அதைத் தடுக்கக்கூடியவர்களை அதற்கு முன்பே அகற்றிவிட்டீர்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில், எதிர்த்தரப்பைத் தாக்கிப் பேசுவதற்கு முன், உங்கள் வாயாலேயே இதைச் சொல்லுங்கள்: 'என் பெயரைச் சொல்லி ஒருவரை அடிக்கச் சொன்னால், மாட்டேன் என்று மறுப்பவரே என் தோழர்.' சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். அடித்தவருக்குப் பதவி தராதீர்கள். தடுத்தவரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழையுங்கள்.

நம்பிக்கையுடன்,
உங்கள் கூட்டங்களுக்கு வந்து போகும் ஒருவர்